படைவீரனின் தாழ்ப்பாளும் வேட்டைக்காரனின் தேர்வும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியப் படைவீரன் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் எழுந்து நின்று, துப்பாக்கியின் வாய் வழியே மருந்தையும் குண்டையும் இட்டு, நீண்ட கம்பியால் கெட்டித்த பின்னரே மறுபடி குறிபார்க்க முடிந்தது. இந்த முறைக்கு முடிவு கட்டிய கருவிகளுள் முதன்மையானது ‘போல்ட் ஆக்ஷன்’ எனப்படும் அமைப்பாகும். குழலின் பின்புறத்தைத் திறந்து தோட்டாவை உள்ளே விட்டபின், பக்கவாட்டில் கைப்பிடி கொண்ட ஓர் எஃகு உருளையை முன்னே தள்ளி, கதவின் தாழ்ப்பாளைப் போலக் கீழே திருப்பிப் பூட்டுவதே அதன் செயல்முறை. இன்று குறிபார்த்துச் சுடும் போட்டியாளரும், வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளின் வேட்டைக்காரரும் ஒரு ரைபிளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் இவ்வமைப்பையே நாடுகின்றனர். ஆயினும் அவ்விருவரின் தேவையை எண்ணி இது உருவாக்கப்படவில்லை என்பதும், படைகளின் அவசரமும் அரசுகளின் சட்டமும் தொழிற்சாலைகளின் சிக்கனமும் சேர்ந்தே இதை அவர்கள் கையில் கொண்டுவந்து சேர்த்தன என்பதும் இதன் வரலாற்றிலிருந்து தெளிவாகின்றன.

ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்தைச் சேர்ந்த ஸொமர்டா ஊரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் யோஹான் நிக்கோலாஸ் ட்ரைசெ (1787–1867). அவர் உருவாக்கிய ‘ஊசித் துப்பாக்கி’யை 1841ஆம் ஆண்டு பிரஷ்யப் படை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் சுற்றிய தோட்டாவுக்குள், குண்டின் அடிப்பகுதியை ஒட்டிப் பற்றுமருந்து வைக்கப்பட்டிருந்ததால், நீண்ட ஊசியொன்று காகிதத்தையும் வெடிமருந்தையும் துளைத்துச் சென்று அதைத் தட்டி எரியச்செய்தது. 1866 ஜூலை 3 அன்று கோனிக்கிராட்ஸ் போர்க்களத்தில் பிரஷ்ய வீரர்கள் படுத்தபடியே தோட்டா இட்டுச் சுட்டதும், ஆஸ்திரிய வீரர்கள் நின்றுகொண்டு வாய்வழி மருந்து கெட்டித்ததும் அப்போரின் முடிவைப் பெரிதும் பாதித்தன. எனினும் வெடிப்பின் நடுவே நின்ற ஊசி விரைவில் அரித்துப்போயிற்று. பின்வாய் முழுமையாக அடைபடாததால் சூடான வாயு முகத்தருகே கசிந்தது. பிரான்சின் ஷஸ்போ துப்பாக்கி (1866) இக்கசிவை ஒரு ரப்பர் வளையத்தால் தடுக்க முயன்று ஓரளவு வெற்றியும் கண்டது. நிலையான தீர்வு பித்தளைத் தோட்டாவால் கிடைத்தது; வெடிக்கும் கணத்தில் பித்தளை உறை விரிந்து, அறையின் சுவரோடு ஒட்டி, வாயுவைத் தானே அடைத்துவிடுகிறது.

இத்தோட்டாவை வைத்து வூர்ட்டம்பெர்க் நாட்டின் ஓபர்ன்டார்ஃப் ஊரைச் சேர்ந்த வில்ஹெல்ம் மவுசர், பவுல் மவுசர் என்னும் சகோதரர்கள் வடித்த 1871ஆம் ஆண்டு மாடல், கருமருந்தில் இயங்கிய, ஒற்றைத் தோட்டா கொள்ளும் எளிய துப்பாக்கியே. 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பவுல் வியேல் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கியதும், இரண்டே ஆண்டுகளில் லெபெல் துப்பாக்கி அதைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பழைய படைக்கலங்கள் அனைத்தையும் ஒரே அடியில் காலாவதியாக்கின. குண்டின் பருமன் 11 மில்லிமீட்டரிலிருந்து 8, 7 எனக் குறைந்து வேகம் கூடியதோடு, அறைக்குள் எழும் அழுத்தமும் பன்மடங்கு உயர்ந்ததால், போல்ட்டின் தலைப்பகுதியிலேயே எதிரெதிராக இரண்டு பூட்டுப்பற்கள் தேவைப்பட்டன. 1893இல் ஸ்பெயினுக்கென 7 மில்லிமீட்டர் துப்பாக்கியைச் செய்த பவுல் மவுசர், 1898இல் ஜெர்மன் படை ஏற்ற ‘மாடல் 98’ஐ உருவாக்கியபோது இவ்வடிவம் ஏறக்குறைய முழுமை பெற்றது. ஸ்பெயினுடன் அதே ஆண்டில் கியூபாவில் மோதி அதன் மவுசரின் வலிமையை நேரில் உணர்ந்த அமெரிக்கா, தனது 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளில் மவுசரின் உரிமைகளைப் பயன்படுத்தியதற்காக அவருக்கு உரிமைத்தொகை செலுத்த நேர்ந்தது. இதை விடச் சிறந்த சான்றிதழ் ஒரு துப்பாக்கிக் கொல்லருக்குக் கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

மாடல் 98இன் இயக்கத்தைச் சற்று அருகிலிருந்து காண்பது தகும். கைப்பிடியை மேலே தூக்கும்போதே உள்ளிருக்கும் அடிமுள்ளின் சுருள்வில் பின்னிழுக்கப்பட்டு இறுக்கம் பெறுகிறது. அதே தூக்கலின் இறுதியில் ஒரு சரிவுத்தளம் போல்ட்டைச் சிறிதளவு பின்னே நெம்பி, அறையில் ஒட்டிக்கொண்ட வெற்று உறையை அசைத்து விடுகிறது. போல்ட்டின் வலப்புறம் நீளமாகக் கிடக்கும் கொக்கி, புதிய தோட்டா பெட்டியிலிருந்து எழும் கணத்திலேயே அதன் விளிம்பைப் பற்றிக்கொள்வதால், துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாலும், பாதி வழியில் கை தடுமாறினாலும், தோட்டா நழுவுவதோ இரண்டு தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கிக்கொள்வதோ அரிது. பின்புறத்தில் பாதுகாப்புக்கென மூன்றாவது பல்லும், தோட்டாவின் பற்றுமருந்துக் கிண்ணம் கிழிந்து வாயு பின்னோக்கி வந்தால் அதைத் திசைதிருப்பும் தடுப்பும் உள்ளன. பதுங்குகுழியின் சேற்றில் நடுங்கும் கைகளுக்காக எண்ணப்பட்ட இந்தக் கொக்கியே, காட்டில் காயம்பட்ட விலங்கின் எதிரே நின்ற வேட்டைக்காரனுக்கு மிகவும் உகந்ததாயிற்று.

அதற்கு முன்பு ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பெருவிலங்கு வேட்டைக்குச் சென்ற வசதி படைத்த ஆங்கிலேயர், இரட்டைக் குழல் ரைபிளையே விரும்பினர். இரண்டு குழல்களும் ஒரே இலக்கில் குண்டைச் சேர்க்கும்படி, தேர்ந்த கைவினைஞர் சுட்டுப் பார்த்துச் சுட்டுப் பார்த்து இணைக்க வேண்டியிருந்ததால் அதன் விலை அதிகாரிகளுக்கும் ஜமீன்தார்களுக்கும் மட்டுமே எட்டக்கூடியதாக இருந்தது. மவுசரின் பிரிட்டிஷ் முகவராக விளங்கிய லண்டன் ரிக்பி நிறுவனம், ஓபர்ன்டார்ஃபிலிருந்து வந்த இயக்கப்பகுதிகளுக்குத் தன் குழலும் மரக்கட்டையும் பொருத்தி, அதே 7 மில்லிமீட்டர் தோட்டாவை ‘.275 ரிக்பி’ என்ற பெயரில் விற்றது. பெருவிலங்குகளுக்கென 1911இல் ‘.416 ரிக்பி’யையும் வெளியிட்டது. சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907இல் வீழ்த்திய ஜிம் கார்பெட்டுக்கு, ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் பரிசாக அளித்தது ஒரு .275 ரிக்பியே. டபிள்யூ. டி. எம். பெல் என்னும் வேட்டைக்காரர், யானையின் மண்டையோட்டு அமைப்பைக் கூர்ந்து கற்று, இந்தச் சிறு குண்டாலேயே நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்க யானைகளைக் கொன்றார். தந்தத்துக்காக நிகழ்ந்த அப்படுகொலையில் பெருமைப்பட ஏதுமில்லை. ஆனால் குண்டின் பருமனை விட அது சேரும் இடமே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை வேட்டையுலகம் அதிலிருந்தே கற்றது.

இந்தியாவில் இத்தேர்வு சுடுபவரின் விருப்பத்துக்கு முழுமையாக விடப்படவில்லை. படையின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்குரிய .450 அளவுத் தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விடும் என அஞ்சிய ஆங்கில அரசு, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அவ்வளவு கொண்ட வேட்டை ரைபிள்களின் இறக்குமதியைத் தடை செய்தது. அதன் விளைவாக .465, .470, .475 என்னும் புதிய அளவுகள் சந்தையில் பெருகின. படையின் .303 தோட்டாவும் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதால், அப்படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் இயக்கத்தை வைத்துக்கொண்டு, ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவுக்கேற்பக் குழலை மாற்றிச் செய்த ‘.315 ஸ்போர்ட்டிங் ரைபிள்’ இந்திய உரிமக்காரரின் வழக்கமான துப்பாக்கியாயிற்று. விடுதலைக்குப் பின்னும் அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் அதைத் தொடர்ந்து செய்து வந்தன. சேலம், ஓசூர்க் காடுகளைப் பற்றி நிறைய எழுதிய கென்னத் ஆண்டர்சன் மட்டும் இப்போக்குக்கு விலக்காக, விசைக்குக் கீழேயுள்ள நெம்புகோலை இழுத்து இயக்கும் வின்செஸ்டர் .405ஐயே கடைசிவரை நம்பினார்.

குறிமைதானத்தின் தேவை முற்றிலும் வேறு. இங்கிலாந்தின் தேசிய ரைபிள் சங்கம் 1860இல் விம்பிள்டனில் நடத்திய முதல் கூட்டத்தை, தாங்கியில் பொருத்தப்பட்ட விட்வொர்த் ரைபிளின் விசையைக் கயிற்றால் இழுத்து விக்டோரியா அரசி தொடங்கி வைத்தார். 1890இல் போட்டிகள் பிஸ்லிக்கு மாறின. போட்டியாளர் துல்லியத்தை ‘மினிட்’ என்னும் கோண அளவால் கணக்கிடுகின்றனர். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான அது, 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் அகலமாக விரியும். இங்கே சிக்கிக்கொள்ளாத கொக்கியை விட, ஒவ்வொரு முறையும் சிறிதும் மாறாமல் ஒரே வகையில் பூட்டுவதே முக்கியம். அவ்வகையில் பார்த்தால் பூட்டுப்பற்களைப் பின்புறத்தில் கொண்ட லீ-என்ஃபீல்டு தகுதியற்றதாகவே தோன்றும். வெடிப்பின்போது அதன் இயக்கப்பகுதி வளைந்து கொடுக்கிறது. ஆனால் பிஸ்லியின் 900, 1000 கெஜத் தொலைவுகளில் அதே வளைவு உதவியாக மாறியது. மெதுவாகச் செல்லும் குண்டு சற்றுத் தாமதமாக, குழல்வாய் மேலும் உயர்ந்த நிலையில் வெளியேறுவதால், வேகமான குண்டும் மெதுவான குண்டும் தொலைவில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் போய்ச் சேர்ந்தன. குறுகிய தொலைவில் குறையாக இருந்தது நெடுந்தொலைவில் நிறையாகியது என்பதால், எந்தத் தொலைவுக்கு என்று கேளாமல் ஒரு ரைபிளை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்வது பொருளற்றது.

இவ்வரலாற்றின் மிகச் சுவையான திருப்பம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நிகழ்ந்தது. 1936இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70, மவுசர் கொக்கியைத் தக்கவைத்துக்கொண்ட, உழைப்பு மிகுந்த தயாரிப்பு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கூலியும் செலவும் ஏறிய நிலையில், ரெமிங்டன் நிறுவனம் 1948இல் மாடல் 721ஐயும், 1962இல் அதன் வழிவந்த மாடல் 700ஐயும் கொண்டுவந்தது. அவற்றின் இயக்கப்பகுதி, உருண்டை எஃகுத்தண்டிலிருந்து கடைசல் எந்திரத்தில் மலிவாகச் செதுக்கப்பட்ட வெறும் குழாய். கொக்கிக்குப் பதிலாகப் போல்ட்டின் முகக்குழிக்குள் சிறு பிடிப்பு மட்டுமே இருந்தது. செலவைக் குறைக்கச் செய்த இந்த உருண்டை வடிவம், குழலின் அச்சோடு பிசகாமல் பொருந்தவும், கட்டையில் சீராக அமரவும் மிகவும் ஏற்றதாக இருந்தது. மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் ‘பெஞ்ச்ரெஸ்ட்’ போட்டியாளர்கள் அதை உடனே ஆதரித்தனர். வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் குறிசுடுநரும் அதையே ஏந்தினர். ரெமிங்டனின் சிக்கனத்தைக் கண்டு வின்செஸ்டரும் 1964இல் கொக்கியைக் கைவிட்டபோது வேட்டைக்காரர்கள் கொதித்தெழுந்தனர். பழைய மாடல் 70களின் விலை ஏறியது. 1990களில் அந்நிறுவனம் கொக்கியை மீண்டும் கொண்டுவர வேண்டியதாயிற்று. போட்டியாளர், வேட்டைக்காரர் ஆகிய இரு தரப்பும் தத்தம் தேவையளவில் சரியாகவே தேர்ந்திருந்தன.

மரக்கட்டையின் கதையையும் குறிப்பிட வேண்டும். மழைக்காலத்தில் அக்ரூட் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பி, குழலை ஒருபுறமாக அழுத்துவதால், கோடையில் சரிபார்த்து வைத்த குறி இடம் மாறிவிடும். குழலைக் கட்டையைத் தொடாதபடி விட்டு வைப்பதும், இயக்கப்பகுதியைப் பிசின்கலவையில் படியவைப்பதும், பின்னர் கண்ணாடியிழைக் கட்டைகளும் இதற்கெனவே வந்தன.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பிறகு, போல்ட் ஆக்ஷனின் வாழ்வு பெருமளவு குறிமைதானத்துக்குச் சுருங்கியது. 50 மீட்டர் போட்டியில் மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுடும் வீரர்கள், ஒவ்வொரு .22 தோட்டாவையும் கையால் இட்டு, ட்ரைசெ வகுத்த அதே முறையில் பூட்டியே 10.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள பத்துப் புள்ளி வட்டத்தைக் குறிவைக்கின்றனர். அப்பிரிவில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கமாக வெண்கலத்தை, 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மகாராஷ்டிரத்தின் ஸ்வப்னில் குசாலே வென்றார்.