‘எனக்கு வேணும்’ முதல் ஏலாக்குறிச்சி வரை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் ஜப்பானுக்குச் சமயப் பணிக்குப் போவதற்காக அறுபது வயசுக்கு மேல் உட்கார்ந்து ஹிரகானா எழுதிப் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். சில கிறிஸ்தவ சபைகளில் இது இப்போது சகஜம். ஆனால் வளர்ந்த ஆள் ஒருவர், சாமி காரியத்துக்காக, முன்பின் தெரியாத மொழியை முதல் எழுத்திலிருந்து படிப்பது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. அப்படிப் படித்த ஒருவரின் கைவேலை நீங்கள் இப்போது வாசிக்கும் எழுத்திலேயே இருக்கிறது. அவர் இருந்த ஊர் ஏலாக்குறிச்சி. கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர் பக்கம். பெரம்பலூரிலிருந்து 2001ல் பிரிந்து, அடுத்த வருஷமே திரும்பச் சேர்ந்து, 2007ல் மறுபடி பிரிந்த அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

அவரிடம் போகும் முன்னால் சவேரியாரைப் பார்த்துவிட வேண்டும். ஜப்பானையும் தமிழையும் ஒரே வாழ்க்கையில் தொட்டவர் அவர்.

பிரான்சிஸ் சேவியர் 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்கு வயது 36. மொழியைப் படிக்க அவகாசமில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைப் பிடித்து, ஜெபங்களைத் தமிழாக்கி, அப்படியே மனப்பாடம் செய்து, மணி அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஒப்பித்தார். வந்தது வினை. ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். கடவுளை நம்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு, கடவுள் எனக்கு வேணும் என்று ஜனங்களைச் சொல்ல வைத்திருக்கிறார்கள்! 1544ல் மன்சில்ஹாஸ் என்ற தோழருக்கு எழுதிய கடிதத்தில் இதைத் திருத்தச் சொல்கிறார். கூடவே, கிறிஸ்து பாடுபட்டதைப் பற்றிய இடத்தில் ‘வன்பினாலே’ என்று சொல்லாதீர்கள், அவர் மனமுவந்து அல்லவா பட்டார் என்றும் எழுதுகிறார். (பக்தி இலக்கியத்தில் ஊறிய ஒரு தமிழருக்கு ‘எனக்கு வேணும்’ அப்படியொன்றும் தப்பாகப் பட்டிருக்காது என்பது என் எண்ணம். அது வேறு கதை.)

அதே மனிதர் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானில் ககோஷிமாவில் இறங்குகிறார். வயது 43. அவருக்குத் துணை, கோவாவில் ஞானஸ்நானம் பெற்ற அஞ்ஜிரோ என்ற ஜப்பானியர். கடவுளுக்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல் என்று கேட்க, அஞ்ஜிரோ ‘தைனிச்சி’ என்றார். அது ஷிங்கோன் பௌத்தர்கள் வணங்கும் மகாவைரோசன புத்தரின் பெயர். இரண்டு வருஷம் போல தைனிச்சியைத் தொழுங்கள் என்றுதான் பிரசங்கம் நடந்திருக்கிறது. பிக்குகள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்கள், நம்ம ஆள்தானே என்று! விஷயம் புரிந்ததும் சேவியர் அந்தச் சொல்லைத் தூக்கிவிட்டு ‘தேயுஸ்’ என்ற லத்தீன் சொல்லையே வைத்தார். ஜப்பானியர் காதில் அது ‘தாய் உசோ’ போல விழுந்தது. பெரிய பொய் என்று அர்த்தம். எதிரிகளுக்கு வேறென்ன வேண்டும்?

இரவல் சொல்லை வைத்துக்கொண்டு ஊழியம் பார்க்க முடியாது என்று இயேசு சபைக்குப் புரிய ஆரம்பித்தது. சேவியருக்குப் பின்னால் முத்துக்குளித்துறைக்கு வந்த என்றிக்கே என்றிக்கஸ் தமிழை முறையாகப் படித்து இலக்கணக் குறிப்பு எழுதினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ல் கொல்லத்தில் அச்சானது. மதுரைக்கு நொபிலி வந்தார். அந்த வரிசையில் வந்தவர்தான் நம்ம ஏலாக்குறிச்சிக்காரர், கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நமக்கு வீரமாமுனிவர்.

1680ல் இத்தாலியில் பிறந்தவர். 1710ல் கோவாவில் இறங்கினார். அதாவது முப்பது வயசுக்குப் பிறகுதான் அவருக்கு அ, ஆ. சுப்ரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்பார்கள். பதினைந்து, பதினாறு வருஷத்தில் 3615 பாட்டில் தேம்பாவணி. ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அடைக்கல மாதா கோயில் கட்டி, அந்த ஊர் மேல் ஒரு கலம்பகமும் பாடினார். எல்லோரும் காவியத்தைத்தான் சிலாகிப்பார்கள். எனக்கென்னவோ அவருடைய ‘மாணவர் புத்தி’தான் பெரிசாகத் தெரிகிறது.

ஓலையில் நம் ஆட்கள் புள்ளி வைப்பது அபூர்வம். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வார்கள். தொல்காப்பிய விதிப்படி குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி உண்டு, நெடிலுக்குக் கிடையாது. புள்ளியே விட்டுப்போனால்? கெடு, கேடு இரண்டும் ஒன்றுதான். கொடுவா கோடுவா, தெரியாது. மழை பெய்ததா, பேய் வந்ததா என்பதை இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏலாக்குறிச்சி என்ற பெயரின் முதல் எழுத்துக்கே இந்தச் சிக்கல் உண்டு.

தாய்மொழிக்காரனுக்கு இது ஒரு தொந்தரவே இல்லை. வாசிக்கும்போது நாக்கு தானே சரியாகப் போட்டுக்கொள்ளும். அகராதியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் முப்பது வயசு அந்நியனுக்குத்தான் ஒவ்வொரு வரியிலும் இடறும். பெஸ்கி விதியைத் திருப்பிப் போட்டார். குறிலை அப்படியே விட்டுவிட்டு நெடிலுக்கு அடையாளம் கொடுத்தார். கொம்பின் தலையில் ஒரு சுழி: ெ, ே. ஒகரத்துக்கும் அதே வழி. அவ்வளவுதான் செய்தார். இன்றைக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அதை யோசிக்காமல் எழுதுகிறது.

1732ல் அவர் முடித்த சதுரகராதியும் இதே மாணவரின் கஷ்டத்தில் பிறந்ததுதான். நிகண்டுகளைப் பாட்டாக நெட்டுருப் போட வேண்டும். சின்ன வயசிலேயே திண்ணைப் பள்ளியில் ஆரம்பித்தவனுக்கு அது சரி. நடுவில் வந்து சேர்ந்தவனுக்குச் சொல்லைத் தேடிப் பிடிக்க அகரவரிசை வேண்டும். முதல் எழுத்தை வைத்து அடுக்கும் யோசனை 1594லேயே ரேவண சித்தரின் அகராதி நிகண்டில் வந்துவிட்டது. எனவே எல்லாப் பெருமையையும் பாதிரியார் தலையிலேயே கட்ட வேண்டாம்.

பேச்சுத் தமிழுக்கு அவர் தனியாகவே இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் என்று நம் பண்டிதர்கள் ஒதுக்கிய பேச்சு அது. பின்னால் வரப்போகிற பாதிரிமார்களுக்காக 1728ல் லத்தீனில் எழுதியது. இதற்கு முன்பே தரங்கம்பாடியின் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716ல் ஜெர்மனியின் ஹாலேயில் அச்சாகியிருந்தது. தரங்கம்பாடி லூத்தரன்களுக்கும் பெஸ்கிக்கும் ஆகவே ஆகாது. அவர்களைத் தாக்கி நூலே எழுதியிருக்கிறார், அவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆனால் இந்தக் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738ல் அச்சுப் போட்டு வெளியிட்டது யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி லூத்தரன் அச்சகம்தான். அங்கேயும் கப்பலில் புதுப்புது ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களும் தமிழ் படித்தாக வேண்டுமே.