வறண்ட ஏரிக்கு ரூ.565 கோடி திட்டமா, வாய்க்கால் தூர்வாருவதா? எந்த ஊருக்கு எது சரி?

மேட்டூர் அணை நிரம்பினால் உபரி நீர் காவிரியில் கரைபுரண்டு ஓடும். அதே நேரத்தில், பக்கத்திலேயே இருக்கும் ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி வட்டார ஏரிகள் பல காய்ந்து கிடக்கும். சேலம் மாவட்ட விவசாயிகளின் பல வருட ஆதங்கம் இது. இதற்குப் பெரிய திட்டம் வேண்டுமா, சின்ன வேலையே போதுமா?

மேட்டூர் - சரபங்கா திட்டம் என்பது என்ன?

மேட்டூர் அணையின் உபரி நீரை மோட்டார் வைத்து ஏற்றி, 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டம். மதிப்பு ரூ.565 கோடி. 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் பகுதி 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. திப்பம்பட்டி நீரேற்று நிலையத்தில் இருந்து எம்.காளிப்பட்டி ஏரிக்குக் குழாயில் தண்ணீர் போகிறது.

இதற்கான நீர் 0.555 டி.எம்.சி. அணையின் மொத்தக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதாவது நூறில் ஒரு பங்குகூட இல்லை. பாசனம் பெறும் பரப்பு 4,238 ஏக்கர்.

மோட்டார் எதற்கு?

தண்ணீர் மேட்டுக்குத் தானாக ஏறாது. இந்த ஏரிகள் அணையை விட உயரமான நிலத்தில் இருக்கின்றன. எவ்வளவுதான் தூர்வாரினாலும் காவிரி நீர் அங்கே வராது. மழையை மட்டுமே நம்பும் ஏரிக்கு வெளியில் இருந்து தண்ணீர் வேண்டுமென்றால் நீரேற்றம்தான் வழி.

அப்போ சின்ன தீர்வு எது?

குடிமராமத்து. 2017-ல் தமிழக அரசு இதை மீண்டும் தொடங்கியபோது ரூ.100 கோடியில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. செலவில் 10 சதவீதம் விவசாயிகளின் பங்கு. ஏரியைத் தூர்வாருவது, கரையைப் பலப்படுத்துவது, மதகைச் சரிசெய்வது, வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்வது எல்லாம் இதில் அடங்கும்.

சராசரியாகப் பார்த்தால் ஒரு பணிக்கு சுமார் ரூ.6.6 லட்சம். சரபங்கா திட்டத்தில் ஓர் ஏரிக்கு ரூ.5.65 கோடி. இரண்டும் ஒரே வேலை இல்லை. ஆனால் 6 லட்சத்தில் தீரும் பிரச்னைக்கு 5 கோடி தேவையில்லை. அதேபோல 5 கோடி தேவைப்படும் இடத்தில் 6 லட்சத்தைப் போட்டாலும் பலன் இருக்காது.

பெரிய திட்டத்தின் பலவீனம் என்ன?

உபரி நீர் இருந்தால்தான் மோட்டார் ஓடும். 2013-ல் நிரம்பிய மேட்டூர் அணை, அடுத்து 120 அடியைத் தொட்டது 2018 ஜூலையில்தான். 2023-ல் நிரம்பவே இல்லை. அந்த மாதிரி வருடங்களில் குழாய் சும்மாதான் கிடக்கும், ஆனால் பராமரிப்புச் செலவு நிற்காது. தங்கள் பங்கு குறையும் என்று டெல்டா விவசாயிகளும் எதிர்ப்பு தெரிவித்தனர். உபரி நீரை மட்டுமே எடுப்போம் என்பது அரசின் பதில்.

கொங்குப் பகுதியின் அத்திக்கடவு - அவிநாசி திட்டமும் உபரி நீரை நம்பியதுதான். ரூ.1,916 கோடியில் 1,045 ஏரி, குளம், குட்டைகளை நிரப்பும் இந்தத் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கப்பட்டது.

உங்க ஊர் ஏரிக்கு எது பொருந்தும்?

திட்டம் போடும் முன் பொறியாளர் குழுவிடம் ஊர் மக்கள் கேட்க வேண்டியவை:

* நல்ல மழை பெய்தும் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லையா? வரத்து வாய்க்கால் அடைப்பையும் ஆக்கிரமிப்பையும் முதலில் பாருங்கள்.
* தண்ணீர் வந்தும் நிற்கவில்லையா? கரை, மதகு, வண்டல் மண்தான் காரணமாக இருக்கலாம்.
* வாய்க்கால், கரை எல்லாம் சரியாக இருந்தும் மழையே போதவில்லையா? அப்போதுதான் வெளி நீர் பற்றி யோசிக்க வேண்டும்.
* அந்த வெளி நீர் பத்து வருடத்தில் எத்தனை வருடம் கிடைக்கும்? கரண்ட் பில் யார் கட்டுவது?

இன்னொரு விஷயம். குழாய் எல்லா ஏரிக்கும் போகாது. முதல் ஏரி நிரம்பி, வாய்க்கால் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போக வேண்டும். நடுவில் ஒரு வாய்க்கால் அடைந்தாலும் கடைசி ஏரி காய்ந்தேதான் கிடக்கும். அதனால் பெரிய திட்டம் வந்த ஊரிலும் வாய்க்கால் தூர்வாரும் வேலையை விட முடியாது.