பள்ளி திறக்கும் நாளும் வராத பிள்ளைகளும்



பள்ளிகள் திறந்துவிட்டன. உங்களில் பலர் பிள்ளைகளைச் சீருடையோடு வாசலில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். ஒருவர் பேத்தியின் படத்தை அனுப்பியிருந்தார்! எல்லாவற்றையும் பார்த்தேன். ரொம்பச் சந்தோஷம்.

அந்தப் படங்களோடு ஒரு கேள்வியும் வந்தது. "டீச்சர், பள்ளிக்கூடம் எப்பவுமே ஜூன்லதான் திறக்குமா? எங்க தாத்தா தன்னை விஜயதசமிக்குச் சேர்த்தாங்கன்னு சொல்லுவாரு." நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

தாத்தா சொன்னது சரிதான். திண்ணைப் பள்ளிக்கு ஜூன் கணக்கெல்லாம் கிடையாது. விஜயதசமிதான் பிள்ளையைச் சேர்க்கும் நாள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து "அரி நமோத்து சிந்தம்" என்று எழுத வைப்பார்கள். (அரிச்சுவடி என்ற பெயரே அந்த 'அரி'யிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு.) அப்புறம் மணலில் எழுத்து, அதற்கப்புறம் பனையோலை. எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எல்லாம் மனப்பாடம். வாத்தியாருக்குக் கை கொடுக்கச் சட்டாம்பிள்ளை.

நம் பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரரான, 1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையர், 'என் சரித்திரம்' நூலில் அந்தப் பள்ளிகளை அழகாக எழுதியிருக்கிறார். நவராத்திரி சமயத்தில் பிள்ளைகள் கோலாட்டக் கழியோடு வீடு வீடாகப் போய்ப் பாடி ஆடுவார்கள். மானம்பூ என்று அதற்குப் பெயர். வீட்டுக்காரர்கள் கொடுப்பது வாத்தியாருக்குப் போகும். சம்பளம் என்று அரசாங்கம் எதுவும் தராத காலம். ஊர் கொடுத்தால்தான் அடுப்பு எரியும். வாத்தியாரையும் பள்ளியையும் ஊர்தான் தாங்கியது. அந்த வரைக்கும் நல்ல ஏற்பாடு.

ஆனால் 'ஊர்' என்பதில் யார் யார் இருந்தார்கள்? அங்கேதான் சிக்கல்.

1822-ல் சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று எல்லா ஜில்லா கலெக்டர்களிடமும் கணக்குக் கேட்டார். 1826-ல் தொகுத்த கணக்கின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மாகாணத்தின் மக்கள் தொகை அப்போது ஏறக்குறைய ஒரு கோடியே 28 லட்சம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இந்தக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு "அந்தக் காலத்திலேயே எல்லாரும் படித்தோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒரு பள்ளிக்குப் பதினைந்து பிள்ளை வரும். அந்தப் பதினைந்தில் பெண்பிள்ளை அபூர்வம். சேரியிலிருந்து ஒரு பிள்ளை வந்து அந்தத் திண்ணையில் உட்கார முடியுமா? 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாறுக்குப் பக்கத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு பள்ளி தொடங்க வேண்டியிருந்தது என்றால், மற்ற பள்ளிகளின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

கத்திரி வெயில் முடிந்து பள்ளி திறக்கும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. நிலையான கட்டடம், வகுப்பு வகுப்பாகப் பாடம், ஆண்டுப் பரீட்சை, இன்ஸ்பெக்டர், கோடை விடுமுறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மற்ற ஊர்களுக்கு அது எப்படியோ, தஞ்சாவூர் ஜில்லாவுக்கு ஜூன் ஒரு வம்பான மாதம். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்த பிறகு ஜூன் 12 தண்ணீர் திறக்கும் நாளாகிவிட்டது. பள்ளி மணியும் வாய்க்கால் தண்ணீரும் முன்னே பின்னே சேர்ந்தே வரும். குறுவைக்கு நாற்று விட வேண்டும், பறிக்க வேண்டும், நட வேண்டும். கூலி வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மணியா தண்ணீரா என்றால் தண்ணீர்தான். தஞ்சை வயல்வெளியில் வேலை பார்த்த எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

என் கையில் வந்து போன பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் கடைசிப் பத்தி ஒன்று உண்டு, 'நீங்கிய காரணம்' என்று. வரிசையாக 'நீண்ட நாள் வராமை', 'நீண்ட நாள் வராமை' என்றே எழுதியிருக்கும். அந்த மூன்று சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் நம் பள்ளிகளின் சரித்திரம் புரியும் என்பது என் எண்ணம். சட்டம், கமிஷன் அறிக்கை எல்லாம் இருக்கட்டும். பிள்ளை ஏன் வரவில்லை என்று யார் கேட்டார்கள், என்ன பதில் செய்தார்கள் என்று பாருங்கள்.

முதல் காரணம் பசி. அதை முதலில் கணக்கில் எடுத்தது சென்னை மாநகராட்சி. 1920-ல், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் மதிய உணவு போட்டார்கள். தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. சில ஆண்டுகளில் பண நெருக்கடியில் நின்றுபோனது. கிராமத்துக்கு வந்து சேர இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

நடுவில் 1953 ஜூன். பள்ளி திறந்தபோது ராஜாஜி அரசு கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம்தான். மீதிப் பொழுது வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அரசு சொன்ன நியாயம். 'குலக்கல்வி' என்று பெரியார் கிளர்ச்சி செய்தார். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த பள்ளி திறப்பு பழையபடி முழுநாள். அந்தத் திட்டத்தில் நல்ல நோக்கம் இருந்தது என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கு 'வீட்டுத் தொழில்' என்றால் என்ன அர்த்தம்? பண்ணையில் மாடு மேய்ப்பதுதான். ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை அரசாங்கமே எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

காமராசர் 1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பிறகு அது அரசுத் திட்டமானபோது செலவில் ஒரு பங்கு அரசு, மறு பங்கு ஊர் மக்கள் என்று வைத்தார்கள். ஊர் என்றால் அரிசி, காய், விறகு, களத்தில் நெல் அளக்கும்போது ஒரு மரக்கால். 1961-ல் அமெரிக்காவின் 'கேர்' நிறுவனம் பால் பவுடர், எண்ணெய், மாவு என்று அனுப்ப ஆரம்பித்தது. நானே வரிசையில் நின்று தட்டில் உப்புமா வாங்கிச் சாப்பிட்டவள். அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. (என் தம்பி இதைப் படித்தால் சிரிப்பான். அவன் இரண்டாம் தடவை வாங்குவதில் கெட்டிக்காரன்.)

இரண்டாவது காரணம் கூச்சம். கிழிந்த சட்டையோடு, சட்டையே இல்லாமல் வர வெட்கப்பட்டு வீட்டில் நின்ற பிள்ளைகள் எத்தனையோ. இங்கேதான் நெ.து.சுந்தரவடிவேலு அவர்களைச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். காமராசர் காலத்தில் கல்வித் துறையின் இயக்குநர். பள்ளிக்கு என்ன குறை என்று ஒரு பட்டியல் போட்டு, ஊர்க்காரர்களைக் கூட்டி, "உங்கள் பள்ளி, நீங்களே சரிசெய்யுங்கள்" என்று கேட்கும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1958-ல் செங்கற்பட்டு ஜில்லா கடம்பத்தூரில் தொடங்கி ஜில்லா ஜில்லாவாக நடந்தது. நாற்காலி, கரும்பலகை, சுவர்க்கடிகாரம், மணி, கிணறு, கூடுதல் வகுப்பறை, விளையாட்டுத் திடலுக்கு நிலம், பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி. ஒன்றும் முடியாதவர் இரண்டு நாள் உடல் உழைப்பு. மானம்பூவில் வாத்தியாருக்குக் கொடுத்த அதே ஊர்தான் திரும்பக் கொடுத்தது, ஆனால் இந்தத் தடவை சேரிப் பிள்ளைக்கும் சேர்த்து. இந்த வித்தியாசத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

அந்தச் சேர்க்கைகளில்தான் உங்கள் அப்பா அம்மாக்களின் பிறந்தநாளும் பிறந்தது! பிறப்புச் சான்றிதழ் ஏது அப்போது? "வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு" என்பார் தலைமையாசிரியர். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது. ஜூனுக்குச் சரியாக ஐந்து ஆகிற மாதிரி ஒரு தேதியை அவரே எழுதிவிடுவார். ஒரே தெருவில் ஐந்தாறு பேருக்கு ஜூன் முதல் தேதி, மே பதினைந்து என்று பிறந்தநாள் இருக்கும். பெற்றவள் கேட்டால் "ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தான்" என்பாள். நம்மில் பலர் ஓய்வு பெற்ற தேதியே ஒரு தலைமையாசிரியரின் பேனா முனையில் இருந்து வந்ததுதான்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு நேரில் தெரிந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்து, எண்பதுகளின் நடுவில்தான் எனக்கு வேலை கிடைத்தது. திறந்த முதல் வாரம் ஆசிரியர்கள் எல்லாம் தெருத்தெருவாகப் பிள்ளை பிடிக்கப் போவோம். அப்படித்தான் சொல்வோம், 'பிள்ளை பிடிக்க'. பையன் வரவில்லை என்றால் மாடு, ஆடு, கூலி. பெண்பிள்ளை வரவில்லை என்றால் வாசலிலேயே காரணம் நிற்கும், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு. அம்மா நடவுக்குப் போயிருப்பாள். எட்டு வயது அக்காதான் தாய். "நான் வந்தா தம்பிய யாரு பாத்துக்கிறது டீச்சர்?" என்பாள். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? சீருடை தருகிறேன் என்றால் தம்பி வளர்வானா?

1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர் திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எல்லாரும் பேசுவது பள்ளிப் பிள்ளைகளின் சோற்றைப் பற்றி. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதில் இருந்தது. கிராமங்களில் இரண்டு வயது முதலே குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். தம்பிக்குப் பால்வாடியில் சோறும் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் கிடைத்ததும், அக்காவின் இடுப்பு காலியானது. நான் இரண்டு ஊர்களில் அடுத்தடுத்து வேலை பார்த்தேன். ஒன்றில் பால்வாடி பள்ளியை ஒட்டியே இருந்தது. மற்றொன்றில் ஒரு குடியிருப்புக்கு வாய்க்காலைத் தாண்டித்தான் பால்வாடி. முதல் ஊரில் ஆணும் பெண்ணும் சமமாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது ஊரில் அந்தக் குடியிருப்புப் பெண்பிள்ளைகள் மட்டும் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டே வருவார்கள். வகுப்பறைக்கு உள்ளே வரவிட்டோம். நான் 'அணில், ஆடு' நடத்த, ஒரு மூலையில் கைக்குழந்தை தூங்கும். உங்களில் இரண்டு மூன்று பேர் அப்படித் தூங்கியவர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2011-ல் சமச்சீர்க் கல்வி வழக்கினால் புத்தகமே இல்லாமல் பள்ளி திறந்தோம். ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது. அந்த இரண்டு மாதமும் கதை, பாட்டு, கைவேலை என்று போனது. பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். கொரோனாவில் 2020 ஜூன் வரவே இல்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் முதல் தேதி. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையே அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தார்கள்.

இப்போது காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் நம் பக்கத்துத் திருக்குவளையிலிருந்துதான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அதை விரிவாக்கினார்கள். பசிக்கும் கூச்சத்துக்கும் கைக்குழந்தைக்கும் பதில் கிடைத்தாகிவிட்டது. ஆனாலும் நம் ஒன்றியப் பள்ளிகளில் ஜூன் மாதம் பெஞ்சு காலியாக இருக்கிறது. இன்றைய ஆசிரியர்கள் மார்ச்சிலேயே துண்டறிக்கையோடு தெருவில் இறங்குகிறார்கள். வாசலில் காரணம் வேறு மாதிரி நிற்கிறது, மஞ்சள் நிற வேனாக. கடன் வாங்கியாவது கட்டணம் கட்டுகிற பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை இங்கிலீஷ் பேச வேண்டும் என்ற ஆசையில் தப்பில்லை. ஆனால் எங்களைப்போல யாராவது அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஏன் அனுப்பவில்லை?" என்று கேட்டு, சொல்கிற பதிலை முழுசாகக் காதில் வாங்க வேண்டும். முன்னால் மூன்று தடவையும் அப்படிக் கேட்டதால்தான் வழி பிறந்தது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அறுபதுகளின் தொடக்கத்தில் சீரமைப்பு மாநாட்டில் நம் பள்ளிக்குக் கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை ஒன்று பழைய ஓட்டுக் கட்டடத்தில் மாட்டியிருந்தது. புதுக் கட்டடம் கட்டியபோது அது எங்கே போனதென்று தெரியவில்லை. மணி கொடுத்தது யார், பின்பக்கத்து நிலத்தைக் கொடுத்தது யார், இரண்டு நாள் மண் சுமந்தவர்கள் யார் யார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். சேரித் தெருவிலிருந்து வந்து உழைத்தவர்கள் பெயர் அந்தப் பலகையில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அதனால் அவர்கள் வீடுகளில் முதலில் கேளுங்கள். பெரியவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது. தீபாவளிக்குள் முடித்துவிட்டால் நல்லது.