சீட்டு, பாடு, மாதிரி: பழவேற்காட்டுக் கரையில் சமவாய்ப்பின் வரலாறு

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையோரம், தமிழ்நாடு முடிந்து ஆந்திரம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது ஆரம்பாக்கம். கும்மிடிப்பூண்டியிலிருந்து தடாவுக்குப் போகும் வழியில் சாலையும் ரயிலும் அதைத் தொட்டுச் செல்கின்றன. ஏரிப்பக்கம் இறங்கினால் குப்பங்கள். மீனவர் பேச்சில் ‘பாடு’ என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். “இன்னிக்குப் பாடு எப்படி?” என்று ஒருவர் கேட்டால் வலையில் என்ன விழுந்தது என்று கேட்கிறார். அதே சொல் ஏரியில் வலைகட்டும் இடத்தையும், அந்த இடத்தில் ஒருவருக்கு வரும் முறையையும் குறிக்கிறது. கரையேறிப் பொதுத்தமிழுக்கு வந்தால் அது துன்பம் என்றாகிவிடும். விளைச்சல், முறை, துன்பம் மூன்றையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கும் மக்களுக்குப் புள்ளியியலின் அடிப்படை தெரியாது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

நடத்தை அறிவியல் மாணவருக்குப் புள்ளியியல் பாடம் வழக்கமாக நாணயம் சுண்டுவதில் தொடங்கும். பிறகு எலிகள், தேர்வு மதிப்பெண்கள். அங்கே வரும் முதல் கலைச்சொற்களில் ஒன்று ‘சமவாய்ப்பு மாதிரி’. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இப்படிச் சொல்ல, இலங்கைத் தமிழர் ‘எழுமாற்று மாதிரி’ என்கிறார்கள். எழுமாற்று என்பது ஒழுங்கில்லாமையைச் சுட்டுகிறது. சமவாய்ப்பு என்பதோ நியாயத்தைச் சுட்டுகிறது. கலைச்சொல் ஆக்கியவர்கள் எதை எண்ணினார்களோ, வரலாறு தமிழ்நாட்டுச் சொல்லின் பக்கம்தான் நிற்கிறது. குலுக்கல் முதலில் நியாயத்தின் கருவியாகவே இருந்தது. அறிவின் கருவியாக அது மாறியது மிகப் பிந்தி. அந்த மாற்றத்தை இந்த ஏரிக்கரையில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

குடமும் ஓலையும்

தமிழ்நாட்டில் குலுக்கலின் மிக விரிவான விதிமுறை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை, அதாவது கி.பி. 919, 921. பள்ளிப் பாடத்தில் இதை ‘பழந்தமிழர் ஜனநாயகம்’ என்று படித்து முடித்துவிடுகிறோம். அது பிராமணர் சபை. நிலமும் வீடும் உடைய ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. புள்ளியியல் படிப்பவர் கவனிக்க வேண்டியது வேறு.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டது. வயது 35க்கு மேல் 70க்குள், கால்வேலிக்கு அதிகமான வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு என்று தகுதிகள் வகுத்து, தகுதியுள்ளோர் பெயர்களை மட்டும் ஓலையில் எழுதினார்கள். இன்றைய சொல்லில் முதலாவது அடுக்கு, இரண்டாவது மாதிரிச் சட்டகம். குடத்தை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத சிறுவன். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் மடங்கியிருந்தால் ஓலை மாறிவிடலாம் அல்லவா? தேர்ந்தெடுப்பவரின் விருப்பம் தேர்வுக்குள் நுழையக் கூடாது என்பதற்கு இவ்வளவு ஏற்பாடு. ‘சார்பு’ என்று பாடநூல் ஒரு வரியில் சொல்வதை அந்த விரிந்த கை காட்டிவிடுகிறது.

ஆனால் அந்தச் சபை ஓலைகளைக் கொண்டு ஊரைப் பற்றி எதையும் கணிக்க முயலவில்லை. வாரியம் என்னும் ஊர்க் குழுவுக்கு ஆள் தேவைப்பட்டது; ஆள் கிடைத்ததும் குலுக்கலின் வேலை முடிந்தது.

முறை வைத்த நீர்

பழவேற்காட்டுப் பாட்டுமுறை இன்னொரு வகை. ஓதம் வற்றும்போது சுமார் 250 சதுர கிலோமீட்டர், ஏறும்போது சுமார் 450 என்று எழுதப்படுகிற ஏரி இது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 350 வரும். அந்தச் சராசரியில் யாரும் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் இறால் நிறைய வரும், தள்ளிப்போனால் குறையும். நல்ல இடம் கொஞ்சம், வலைகள் அதிகம். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் தலைக்கட்டுகள் அந்த இடங்களை மாறி மாறிப் பயன்படுத்தும் முறையை வகுத்துக்கொண்டன. தலைக்கட்டில் பெயர் உள்ளவருக்கே பங்கு. இதுவும் ஒரு சட்டகம்தான்; இதற்கும் வெளியே ஆட்கள் இருந்தார்கள். அவர்களிடம் பிறகு வருவோம்.

பாடு என்ற ஏற்பாடு கொச்சிக் காயல்களிலும் உண்டு. அங்கே ஊன்றுவலைகளுக்கு இடம் பிரிப்பது சீட்டுக் குலுக்கி. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பின் கட்டுவலைக்காரர்களும் சீட்டைத்தான் நம்பினார்கள். முறையையும் சீட்டையும் இணைத்த ஊர் துருக்கியில் உள்ள அலான்யா. அங்கே ஒவ்வொரு செப்டம்பரிலும் குலுக்கலில் தொடக்க இடம் பெற்ற படகுகள் ஜனவரி வரை நாளுக்கு ஓரிடமாகக் கிழக்கே நகர்ந்தன. அதன் பிறகு மேற்கே திரும்பின. ஃபிக்ரெத் பெர்கெஸ் ஆராய்ந்த இந்த ஏற்பாட்டை எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்தாண்டார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. தொடக்கம் சீட்டில், மற்றது முறைப்படி. புள்ளியியலில் இதற்கு ‘முறைசார் மாதிரி’ என்று பெயர். அலான்யாக்காரர்கள் அந்தப் பாடத்தைப் படித்ததில்லை.

மாணவர் பெரும்பாலும் குழம்பும் வேறுபாடு ஒன்று இங்கே தெளிகிறது. உத்திரமேரூரில் நடந்தது சமவாய்ப்புத் தேர்வு: பலரிலிருந்து சிலரை எடுத்தார்கள். கொச்சியில் நடப்பது சமவாய்ப்பு ஒதுக்கீடு: எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள், யாருக்கு எந்த இடம் என்பதை மட்டும் சீட்டு சொல்கிறது. முன்னது ஊரைப் பற்றிப் பேச உதவும். பின்னது காரணத்தைப் பற்றிப் பேச உதவும். கைதேர்ந்தவரே எப்போதும் நல்ல இடத்தில் வலை கட்டினால், அதிகம் விழுந்த மீனுக்குக் காரணம் கையா இடமா என்று பிரிக்க முடியாது. சீட்டு அந்தப் பிணைப்பை அறுக்கிறது. சண்டையைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு, அறியாமலே ஒரு சோதனை வடிவமைப்பாகிவிட்டது.

சீட்டுக்கட்டு ஆய்வகத்துக்குள் வந்தபோது

இதை அறிந்தே செய்தவர்கள் நடத்தை அறிவியல்காரர்கள், மாணவர் பெருமைப்படலாம். அமெரிக்காவில் சார்லஸ் பியர்ஸும் ஜோசப் ஜாஸ்ட்ரோவும் 1880களின் நடுவில் மிகச் சிறிய எடை வேறுபாட்டை மனிதர் உணர்கிறார்களா என்று சோதித்தனர். அடுத்து எடை கூடுமா குறையுமா என்பதைச் சோதிப்பவர் தீர்மானித்தால், உட்கார்ந்திருப்பவர் அவருடைய போக்கை ஊகித்துவிடுவார். அதனால் சீட்டுக்கட்டைக் கலைத்து வரிசையை முடிவு செய்தார்கள். புள்ளியியலாளர் ஆர்.ஏ. ஃபிஷர் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு வயல்களில் இதைக் கோட்பாடாக்கி 1925, 1935ஆம் ஆண்டு நூல்களில் நிலைநிறுத்தியது அதற்கு ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து. (புள்ளியியலின் பெரிய பெயர் ஒன்றுக்கு மீனவர் என்று பொருள், பாசான் பரவலுக்குப் பெயர் தந்தவரின் பெயருக்குப் பிரெஞ்சில் மீன் என்று பொருள். ஆரம்பாக்கத்தில் வகுப்பெடுத்தால் இதில்தான் தொடங்குவேன்.)

குலுக்கல் இல்லாத அளவீடு என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1885 முதல் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதி சாதியாக மனித உடல்களை அளந்தார். 1909இல் க. ரங்காச்சாரியுடன் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் பட்டினவரும் இருளரும் உண்டு. யாரை அளந்தார்? கிடைத்தவர்களை, இசைந்தவர்களை. உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று எண்ணி மறுத்த நீலகிரி இருளர் ஒருவரைப் பற்றி அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. பாடநூல் ‘மறுமொழியின்மைச் சார்பு’ என்று குறிப்பிடுவதன் முகம் அது: அஞ்சியவர் அட்டவணையில் இல்லை, அஞ்சாதவரின் சராசரி எல்லோருடைய சராசரியாக அச்சேறுகிறது.

வங்காளத்தில் ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி இதே வகை அளவுகளை வைத்து மூக்கின் அகலத்துக்கும் சாதிப் படிநிலைக்கும் உறவு காட்ட முனைந்தார். அந்தத் தரவுகளை மீண்டும் சோதித்துத் திருத்தியவர் பி.சி. மகாலநோபிஸ். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், 1933இல் ‘சங்க்யா’ இதழில் அந்தத் திருத்தத்தை வெளியிட்டார். பிறகு வங்காளச் சணல் மதிப்பீட்டில் சமவாய்ப்பு மாதிரியைப் பெரிய அளவில் செய்துகாட்டினார். 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பி, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டுக் களப்பணியாளரின் பிழையைப் பிடிப்பது அவர் கண்ட உத்தி. விரிந்த ஐந்து விரலின் மறுபிறவி என்று அதைச் சொல்லலாம்.

கரையில் எண்ணுபவர்

கடலோரத்துக்கு அந்த முறை வந்தது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக. 1947 பிப்ரவரி 3 அன்று சென்னையில் தொடங்கி, மண்டபத்துக்கும் பின்னர் கொச்சிக்கும் மாறிய நிறுவனம் அது. நாட்டின் கடற்கரை முழுவதும் ஒவ்வொரு படகையும் எண்ண ஆளில்லை. ஆகவே மாதத்தைப் பத்துப் பத்து நாளாக மூன்றாகப் பிரித்தார்கள். முதல் ஐந்து நாட்களில் ஒன்றைச் சமவாய்ப்பாக எடுத்து, அதிலிருந்து தொடர்ச்சியாக ஆறு நாட்கள்; அடுத்த பத்துகளிலும் அதே இடைவெளி. கரைக்கு வரும் படகுகள் 15 வரை இருந்தால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 20 முதல் 29 என்றால் இரண்டுக்கு ஒன்று, 30 முதல் 39 என்றால் மூன்றுக்கு ஒன்று, 40 முதல் 49 என்றால் நான்குக்கு ஒன்று, 50ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஐந்துக்கு ஒன்று.

நான்குக்கு ஒன்று என்ற விதி எதற்கு? நிறைய மீனோடு வரும் படகைச் சுற்றிக் கூட்டம் கூடும். எண்ணுபவரின் காலும் அங்கேதான் போகும். விதி அவரை அடுத்த படகுக்கு இழுக்கிறது. ‘சமவாய்ப்பு’ என்ற சொல்லின் குறையும் இங்கே தெரிகிறது. கூட்டம் குறைந்த கரையில் ஒரு படகுக்கு நூற்றுக்கு நூறு வாய்ப்பு, நெரிசலான கரையில் இருபது. வாய்ப்பு சமமாக இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் பெருக்கிச் சரிசெய்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு, கற்பனை எண்களோடு. 40 படகுகள், விதிப்படி 10 படகுகளைப் பார்க்கிறார். கிலோவில் 2, 2, 3, 3, 3, 4, 4, 5, 6, 28. கூட்டினால் 60, சராசரி 6. மொத்த வரத்து 6 பெருக்கல் 40, அதாவது 240 கிலோ. மீன்வளத் துறைக்கு வேண்டியது அதுதான். ஆனால் நடத்தை அறிவியல் மாணவர் கேட்கும் கேள்வி வேறு: சாதாரண ஒரு வீட்டுக்கு இன்று என்ன கிடைத்தது? பத்தில் எட்டுப் படகு 6 கிலோவைத் தொடவே இல்லை. இடைநிலை அளவு 3.5. சராசரியை வைத்து அந்தக் குப்பத்தின் கடனையும் கவலையையும் புரிந்துகொள்ள முயல்பவர் ஒற்றைப் படகின் 28 கிலோவை எல்லோர் கூடையிலும் பங்கிட்டுவிடுகிறார்.

அந்தப் பத்துநாள் பிரிப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. முறைசார் மாதிரிக்கு ஒரு பகை, தாளம்: எண்ணும் இடைவெளியும் பொருளின் ஏற்றஇறக்கமும் ஒத்துப்போனால் ஒரே முகத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்போம். மீனவரின் தாளம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 14.77 நாட்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எண்ணினால் எப்போதும் வெள்ளத்தை (ஓதம் ஓங்கும் நாட்களை) அல்லது எப்போதும் வற்றை (ஓதம் தளரும் நாட்களை) மட்டுமே காண்போம். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை எண்ணினால் ஓதச் சுற்றின் 0, 10, 5.2ஆம் நாட்களைத் தொடுகிறோம். கிட்டத்தட்ட சமமான மூன்று கூறுகள். நாள்காட்டி வசதிக்காக வகுத்ததாகவே இருக்கட்டும், கணக்கு நன்றாகவே விழுந்திருக்கிறது. பழவேற்காட்டின் மூன்று ஊர்களுக்கும் முறை மூன்று நாளுக்கு ஒருமுறை வருவதாகக் கொண்டால் அதுவும் தப்பிக்கிறது: ஓர் ஓதச் சுற்றுக்குள் ஒவ்வோர் ஊருக்கும் ஐந்து முறையளவு வரும், வெவ்வேறு நீரில். பதினைந்து நாள் முறையாக இருந்திருந்தால் ஏதோ ஓர் ஊர் மாதக்கணக்கில் வற்றிலேயே வலை கட்டியிருக்கும். வழக்கு எப்போதோ பஞ்சாயத்துக்கு வந்திருக்கும்.

சட்டகத்துக்கு வெளியே

படகு இறங்கும் இடத்தில் எண்ணுகிறோம் என்றால் படகில்லாதவர் எண்ணப்படுவதில்லை. ஏரியின் ஆழமற்ற சேற்றுநீரில் இடுப்பளவு இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இறங்குதளம் கிடையாது. அவர்கள் கரையேறும் இடம் அன்றன்றைக்கு மாறும். தலைக்கட்டுப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருந்ததில்லை. பாட்டுமுறைக்கு வெளியே நின்ற பிற சமூகத்தவரும் ஏரியை நம்பத் தொடங்கியபோது எழுந்த பூசல்களை சாரா கூல்தார்டு 2008இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகப் பேசுகிறது. உத்திரமேரூர்க் குடத்தில் நிலமில்லாதவரின் ஓலை இல்லாதது போலத்தான். உள்ளே எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும், உள்ளே போடாத ஓலை வெளியே வராது.

ஆரம்பாக்கம் பக்கம் களப்பணிக்குப் போகும் மாணவர் இந்த இடத்தில்தான் தடுமாறுவார். வாக்காளர் பட்டியலை எடுத்தால் மாநில எல்லைக்கு அப்பால் வசித்து இந்த நீரிலேயே பிழைப்பவர் விடுபடுவார். படகுப் பதிவை எடுத்தால் கையால் பிடிப்பவர் விடுபடுவார். சங்க உறுப்பினர் பட்டியலை எடுத்தால் பெண்கள் குறைவார்கள். வேறு வழி, நீரையே சட்டகமாக்குவது: ஏரியைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களையும் நேரங்களையும் சீட்டுப்போட்டு எடுத்து, அந்த நேரத்தில் அந்தக் கட்டத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் எண்ணுவது. அப்போதும் நாள் முழுவதும் நீரில் நிற்பவர் மாதிரிக்குள் வரும் வாய்ப்பு, ஒரு மணி நேரம் வந்து போகிறவரின் வாய்ப்பைவிடப் பல மடங்கு. ஆகவே ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “காலையில எத்தனை மணிக்கு இறங்கினீங்க?”