வீட்டு மெக்கானிக்கின் நூறாண்டு எரிச்சல்

அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளக் மாற்றலாம் என்று பானெட்டைத் திறந்தவர், மாலையில் கையெல்லாம் கிரீஸும், விரல் முட்டியில் ரத்தமுமாக, பாதியில் உடைந்துபோன ஒரு போல்ட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "மெக்கானிக்கிட்டயே விட்டிருக்கலாமே" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வேறு கேட்கும்!

தன் காரைத் தானே ரிப்பேர் செய்துகொள்ளும் ஆசைக்கு அமெரிக்காவில் நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதனுடன் கூடப் பிறந்த எரிச்சலுக்கும் அதே வயதுதான். ஆனால் இந்த நூறு ஆண்டுகளில் அந்த எரிச்சல் யார் மீது என்பது மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் இயந்திரத்தின் மீது. பிறகு கருவிகள் மீதும் புத்தகங்கள் மீதும். கடைசியில், அந்த இயந்திரத்தைச் செய்தவர்கள் மீதே!

கையை உடைத்த கார்

1908 அக்டோபரில் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் விற்பனைக்கு வந்தது. விலை சுமார் 850 டாலர். 1925ல் அதன் மலிவான வகை 260 டாலருக்கே கிடைத்தது. 1927ல் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி கார்கள் விற்றிருந்தன. வாங்கியவர்களில் விவசாயிகள் ஏராளம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்தான், மெக்கானிக் ஷாப் எங்கே இருக்கும்? எனவே கார் நின்றால் அதை ஓட்ட வைப்பதும் உரிமையாளரின் வேலையாகவே இருந்தது. காருடன் கிடைத்த கையேடும் இதைப் புரிந்துகொண்டு கேள்வி பதில் வடிவத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

இது சாவியைத் திருப்பியதும் கிளம்புகிற கார் இல்லை. முன்பக்கம் இருக்கும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்டியரிங் அருகில் இருக்கும் தீப்பொறி நெம்புகோலைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். மறந்துவிட்டால் என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கைப்பிடியும் அதே வேகத்தில் திரும்பி வந்து மணிக்கட்டை முறிக்கும். இப்படி முறிந்த கைகள் அதிகமானதால், மணிக்கட்டு எலும்பில் ஏற்படும் ஒரு வகை முறிவுக்கு மருத்துவர்கள் 'சோஃபர் முறிவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கார் ஓட்டுநரின் முறிவு என்று பொருள். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஆரம்பப் பாடம்.

பெட்ரோல் அளவு காட்டும் முள்ளும் கிடையாது. சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் டேங்கில் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். பம்ப்பும் இல்லை, பெட்ரோல் தானாகத்தான் என்ஜினுக்கு இறங்கியாக வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் என்ஜினுக்குப் பெட்ரோல் எட்டாது. என்ன செய்வது? காரைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் மேடு ஏறினார்கள்!

கியர் பெட்டிக்குள் இருந்த மூன்று பட்டைகள் இன்னொரு தலைவலி. அவற்றின் துணி உறை தேய்ந்துவிட்டால் மேல் மூடியைத் திறந்து மாற்ற வேண்டும். வேலை செய்யும்போது ஒரு நட்டு கைதவறி உள்ளே விழுந்தால் தீர்ந்தது. எண்ணெய்க்குள் கிடக்கும் நட்டைத் தேடி எடுக்காமல் வண்டியைக் கிளப்ப முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் பழந்துணியை உள்ளே திணித்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட்டார்கள்.

இத்தனை தொல்லையிலும் ஒரு நிம்மதி இருந்தது. காருக்குள் இருந்த எதுவும் ரகசியமில்லை. பொறுமையாகப் பார்த்தால் எது எதை அசைக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம்.

புத்தகங்களின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்கள் சிக்கலாயின. கண்ணால் பார்த்து மட்டும் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்த இடத்தைப் புத்தகங்கள் நிரப்பின.

1965ல் ஏடனில் பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றிய ஜான் ஹேன்ஸ், சக ஊழியர் ஒருவரின் பழைய ஸ்பிரைட் காரைப் பிரித்துச் சீராக்க உதவினார். கம்பெனிக் கையேடு பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளுக்காக எழுதப்பட்டிருந்தது, சாதாரண ஆளுக்குப் பயன்படவில்லை. எனவே ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொண்டே பிரித்தார். அதிலிருந்து 1966ல் முதல் ஹேன்ஸ் கையேடு பிறந்தது. அச்சிட்ட 3,000 பிரதிகளும் மூன்றே மாதத்தில் விற்றுத் தீர்ந்தன.

அமெரிக்காவில் 1969ல் ஜான் மியூர் என்ற முன்னாள் விமானத் துறைப் பொறியாளர், ஃபோக்ஸ்வாகன் காரை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். ஒன்றுமே தெரியாதவர்களுக்காக எழுதியது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். பீட்டர் ஆஷ்வாண்டனின் வேடிக்கையான ஓவியங்களோடு வந்த அந்தப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. பீட்டில் காரின் என்ஜினை நான்கே போல்ட்டுகள்தான் கியர் பெட்டியோடு பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றி என்ஜினையே வெளியே இழுத்துப்போட்டு வேலை பார்க்கலாம் என்ற துணிச்சலை மியூர் சாதாரண மக்களுக்குக் கொடுத்தார்.

புத்தகம் வந்ததால் எரிச்சல் குறைந்ததா என்றால் அதுதான் இல்லை. கழற்றியதைத் தலைகீழ் வரிசையில் மாட்டினால் போதும் என்கிற மாதிரி கையேடு ஒரே வரியில் முடித்துவிடும். மாட்டி முடித்த பிறகு மேஜையில் இரண்டு நட்டு மிச்சம் இருக்கும்!

போதாக்குறைக்கு 1970களில் அமெரிக்கக் கம்பெனிகள் அங்குல அளவிலிருந்து மில்லிமீட்டருக்கு மாறத் தொடங்கின. மாறியதும் ஒரேயடியாக இல்லை. ஒரே காரில் இரண்டு வகை போல்ட்டுகளும் கலந்திருந்தன. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பானர் அதில் ஏறக்குறைய உட்காரும். அந்த 'ஏறக்குறைய'தான் ஆபத்து. கொஞ்சம் பலமாகத் திருப்பினால் போல்ட்டின் முனைகள் மழுங்கிவிடும், பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது. குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலங்களில் துருவும் சேர்ந்துகொள்ளும். எண்ணெய் ஊற்றி, சூடு காட்டி, சுத்தியலால் தட்டி... ஒரு போல்ட்டுக்கு ஒரு நாள்!

கம்ப்யூட்டர் வந்தது

1970ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. புகையைக் குறைக்க வேண்டுமானால் பெட்ரோலையும் காற்றையும் துல்லியமாகக் கலக்க வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. இதில் நன்மையே அதிகம் என்பதை மறுக்க முடியாது. காற்று சுத்தமானது, கார்களும் அடிக்கடி நிற்பது குறைந்தது.

1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் 16 ஊசிகள் கொண்ட பொதுவான இணைப்பு கட்டாயமானது. மலிவான கருவி ஒன்றைச் செருகினால் கார் தன் நோயைத் தானே சொல்லும். வீட்டு மெக்கானிக்குகள் மகிழ்ந்தார்கள். ஆனால் கார் சொல்வது அறிகுறியை மட்டும்தான். பி0171 என்று வந்தால் கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம். காரணம் எங்கோ வெடித்த ஒரு ரப்பர் குழாயாக இருக்கலாம், அழுக்கேறிய சென்சாராக இருக்கலாம், சோர்ந்துபோன பெட்ரோல் பம்ப்பாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பார்த்துப் பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

அடுத்து வந்தது இதைவிடப் பெரிய தடை. பின்சக்கர பிரேக் பேட் மாற்றுவது ஒரு காலத்தில் புதிதாகக் கற்பவர்களும் செய்த வேலை. மின்சார ஹேண்ட் பிரேக் வந்த பிறகு, பல கார்களில் முதலில் கம்ப்யூட்டர் மூலம் அதைத் தளர்த்த வேண்டும். சில கார்களில் பேட்டரியை மாற்றினால் அதையும் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கையும் ஸ்பானரும் தயார், ஆனால் மென்பொருள் கம்பெனியிடம்! போதாததற்கு 1998ல் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம், மென்பொருள் பூட்டைத் திறப்பதையே குற்றமாக்கியது. சொந்தக் காரை ரிப்பேர் செய்வதற்காக அந்தப் பூட்டைத் திறக்கலாம் என்ற விலக்கு 2015ல்தான் வழங்கப்பட்டது.

ஓட்டுப் போட்ட மக்கள்

இந்த எரிச்சல் வாக்குச்சாவடி வரை போனது. கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்குத் தரும் ரிப்பேர் தகவல்களை, கார் உரிமையாளருக்கும் வெளிக் கடைகளுக்கும் நியாயமான விலையில் தர வேண்டுமா? 2012 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள். 2014ல் கார் கம்பெனிகளே இதை நாடு முழுவதும் கடைப்பிடிக்க ஒப்புக்கொண்டன.

ஆனால் கம்பியில்லா வழியில் கார் நேராகக் கம்பெனிக்கு அனுப்பும் தகவல்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தன. அதற்காக 2020 நவம்பரில் மீண்டும் வாக்கெடுப்பு. சுமார் 75 சதவீதம் ஆதரவு. இப்படித் திறந்துவிட்டால் திருடர்கள் தூரத்திலிருந்தே காருக்குள் நுழைந்துவிடுவார்கள் என்று சொல்லி, கம்பெனிகளின் சங்கம் அதே மாதம் வழக்குப் போட்டது. பாதுகாப்பு பற்றிய அந்தக் கவலையில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பாதுகாப்பின் பெயரில் சாவி ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானதுதான். 2023ல் மெய்ன் மாநில மக்களும் இதே மாதிரி சட்டத்துக்குப் பெரும்பான்மையாக ஓட்டுப் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் வழக்கை மத்திய மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஓட்டுப் போட்ட எல்லோருமே ஸ்பானர் பிடிப்பவர்களாக இருந்திருக்க முடியாது. வீட்டிலேயே ரிப்பேர் செய்ய வழி இருந்தால்தான் தெருமுனைக் கடைக்காரருக்கும் வழி இருக்கும், தெருமுனைக் கடை இருந்தால்தான் டீலர் சொல்லும் விலை கட்டுக்குள் இருக்கும். பழைய காரை நம்பி வேலைக்குப் போகிறவருக்கு இது மாதச் சம்பளத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

மாடல் டி காலத்து விவசாயி முறிந்த கையோடு இயந்திரத்தைத்தான் திட்டினார். துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டியவர் தன் ஸ்பானரைத் திட்டினார். இரண்டிலும் பொறுமை இருந்தால் ஒருநாள் ஜெயிக்கலாம். கம்பெனி பூட்டிவைத்த மென்பொருளிடம் அந்தப் பொறுமை செல்லாது. அதற்குச் சட்டம்தான் வேண்டும்.