ஒரு ஏரி, ஒரு சாலை, சில கூடாரங்கள்

நம் கல்லூரியில் படித்தவர்களுக்குக் 'கேம்ப்' என்றால் ஒரே அர்த்தம்தான்: என்.எஸ்.எஸ். கேம்ப். பத்து நாள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, காலையில் ரோடு போட்டு, மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டு, ராத்திரி பாட்டுக்குப் பாட்டு பாடிவிட்டு வருவோம். ஒரு வேலையும் இல்லாமல் மலைக்குப் போய், காசு கொடுத்துத் தரையில் படுப்பதற்கும் அதே பெயர்தான் என்பது 1998-ல் கலிபோர்னியாவுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்போது ஒய்-டூ-கே புண்ணியத்தில் எங்கள் பேட்சிலிருந்து ஐந்து பேர் சான் ஹோசே பக்கம் வந்து சேர்ந்திருந்தோம். ஊரில் யாரையும் தெரியாது. சனி, ஞாயிறு வந்தால் துணி துவைப்பது, வீட்டுக்குப் போன் போடுவது, தூங்குவது, அவ்வளவுதான். ஆபீசில் ஒருவர் சொன்னார் என்று ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை யோசெமிட்டி மலைக்குக் கிளம்பினோம். கூடாரம் வாடகைக்கு. ஹாஸ்டலில் மெஸ் செக்ரட்டரியாக இருந்த நண்பன் பிரஷர் குக்கர், புளிக்காய்ச்சல், ஊறுகாய் என்று ஒரு கல்யாணத்துக்கே சாமான் கட்டிவிட்டான். முகாமில் ரேஞ்சர் வந்து, "வாசனை உள்ள எதையும் கூடாரத்தில் வைக்காதீர்கள், கரடி வரும். சோப்பு, பற்பசை உட்பட எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். "தலையில தேங்காய் எண்ணெய் இருக்கே, தலையை எங்கடா பூட்டுறது?" என்று ஒருவன் கேட்டான். எட்டாயிரத்து அறுநூறு அடி உயரத்தில், ஆகஸ்டிலும் பல் கிட்டிக்கும் குளிரில், ஐந்து பேரும் விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். வந்த இடம் கொஞ்சம் நம்ம ஊர் மாதிரி தோன்றியது அன்றைக்குத்தான்.

அதன்பின் போகாத வருஷம் அபூர்வம். ஆனால் இந்த மலரில் எங்கள் வீரதீரங்களை எழுதிப் பக்கத்தை நிரப்ப விருப்பமில்லை. அதே மலையில் எங்களுக்கு முன்னால் கூடாரம் அடித்தவர்களின் வரலாறு அதைவிடச் சுவையானது. அவர்களில் பலரும் எங்களைப் போலவே வேறு ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். யோசெமிட்டி, கலிபோர்னியாவின் கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடரில் இருக்கிறது. அந்தத் தேசியப் பூங்காவின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக டயோகா சாலை ஓடுகிறது. பனிக்காலம் முழுவதும் மூடிக் கிடக்கும் சாலை. அதன் ஓரத்தில் டெனாயா ஏரி. ஏரியைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் டுவாலமி புல்வெளி. எங்கள் கூடாரம் அங்கேதான் இருந்தது. நான் சொல்லப்போகும் கதைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வழித்தடத்தைச் சுற்றியே நடந்தவை.

பேராசிரியரும் மாணவர்களும்

1869-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாடங்கள் தொடங்கின. அதே ஆண்டு தெற்கு கரோலினாவிலிருந்து ஜோசப் லெகான்ட் என்ற புவியியற் பேராசிரியர் அங்கே வந்து சேர்ந்தார். ஊர் புதிது, வேலை புதிது, பாறைகளும் புதிது. மறு வருஷமே, 1870 ஜூலையில், மாணவர்களோடு குதிரையேறி யோசெமிட்டிக்குப் புறப்பட்டுவிட்டார். சுமார் ஐந்து வாரப் பயணம். வாத்தியார் என்று தனிச் சலுகை கிடையாது. சமையல், பாத்திரம் கழுவுதல் எல்லாம் முறை போட்டுத்தான்.

பள்ளத்தாக்கில் ஒரு மர அறுவை ஆலையில் ஒரு கூலியாளை அவர்கள் சந்தித்தார்கள். அவர்தான் ஜான் மியூர். 1838-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1849-ல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் வாங்காமலே வெளியேறியவர். 1868-ல் கலிபோர்னியாவில் வந்து இறங்கி, 1869 கோடையில் ஆடு மேய்ப்பவர்களோடு டுவாலமி புல்வெளிக்கு ஏறியவர். இந்தப் பள்ளத்தாக்கு எப்படி உண்டாயிற்று என்பதில் அப்போது பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. தரை திடீரென்று கீழே அமிழ்ந்ததால் உண்டானது என்றார் மாநிலத்தின் தலைமைப் புவியியலாளர் விட்னி. பனியாறுகள் செதுக்கியது என்றார் மியூர். பட்டமில்லாத ஆலைத் தொழிலாளியின் பேச்சை லெகான்ட் காது கொடுத்துக் கேட்டார். மியூரும் அவர்களோடு மேலே நடந்தார். வழியில் டெனாயா ஏரிக்கரையில் நிலா வெளிச்சத்தில் இருவரும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து வெகுநேரம் இருந்ததை லெகான்ட் தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். பள்ளத்தாக்கைச் செதுக்கியதில் பனியாறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன.

1892-ல் மியூரைத் தலைவராகக் கொண்டு சியரா கிளப் உருவானது. லெகான்ட்டும் அதில் முதல் வரிசை. 1901-ல் அந்தச் சங்கம் நூறு பேர் அளவில் ஆண், பெண் இருபாலரையும் டுவாலமி புல்வெளிக்குக் கூட்டிப்போய் முதல் பெரிய முகாமை நடத்தியது. அதற்காக வந்திருந்த லெகான்ட், முகாம் தொடங்குமுன்னரே பள்ளத்தாக்கில் காலமானார். 1903 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் மியூரோடு மூன்று இரவு காட்டில் தங்கினார். அதில் ஓர் இரவு பனி கொட்டியது. மூன்றே வருஷத்தில், 1906-ல், மாநிலத்தின் கையில் இருந்த பள்ளத்தாக்கும் மத்திய அரசின் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது.

ஏரிக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது

இதுவரை சொன்னது பூங்காவுக்குப் போகிற எல்லாரும் கேட்கிற கதை. இனிச் சொல்லப்போவது பலருக்கும் தெரியாதது.

லெகான்ட்டும் மியூரும் நிலா பார்த்துக்கொண்டிருந்ததற்குப் பத்தொன்பது வருஷம் முன்னால், 1851-ல், அதே ஏரிக்கரையில் ஒரு கூட்டம் சிறைபிடிக்கப்பட்டது. தங்கம் தேடி வந்தவர்களுக்கும் அந்த மண்ணின் மக்களுக்கும் மோதல் முற்ற, மாநில அரசு ஒரு படையை மலைக்கு அனுப்பியது. பள்ளத்தாக்கை 'அவானி' என்று அழைத்து வாழ்ந்துவந்த மக்களின் தலைவர் டெனாயா. அவருடைய மகனை அந்தப் படையினர் அதே மாதம் சுட்டுக் கொன்றிருந்தார்கள். பிடிபட்ட தலைவரிடம், "இந்த ஏரிக்கு உங்கள் பெயரையே வைக்கிறோம்" என்று படையோடு வந்த மருத்துவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். "அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறதே" என்பதுதான் டெனாயாவின் பதிலின் சாரம். பளபளக்கும் பாறைகளை ஒட்டி அமைந்த பழைய பெயர் அது. அந்தப் பாறைகளைப் பனியாறு இழைத்து வழவழப்பாக்கியது என்பதைத்தான் பின்னால் மியூர் அறிவியலாகச் சொன்னார்.

நமக்கு இது அந்நியமான கதை இல்லை. 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் சலிவன் நீலகிரிக்கு ஏறியபோது தோடரும் கோத்தரும் குறும்பரும் படகரும் அங்கேதான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் ஊட்டியைச் சலிவன் 'கண்டுபிடித்தார்' என்றே நாம் ஒரு மார்க் கேள்விக்குப் பதில் எழுதினோம்.

துரத்தப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். கூடை முடைந்தும், ஓட்டல்களில் வேலை செய்தும் பள்ளத்தாக்கிலேயே வாழ்ந்தார்கள். பூங்கா நிர்வாகம் 1930-களில் அவர்களுக்குச் சிறு வீடுகள் கட்டிக் கொடுத்தது. ஆனால் பூங்கா ஊழியர்கள் மட்டுமே அங்கே இருக்கலாம் என்ற விதி வந்தது. 1969-ல் அந்தக் குடியிருப்பே இல்லாமல் போயிற்று. கடைசியாகப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர் பூங்காவிலேயே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று 1996-ல் வெளியேறினார். நாங்கள் ஐந்து பேரும் குக்கரோடு போய் இறங்கியது அதற்கு இரண்டே வருஷம் கழித்து. இந்தத் தேதியைப் படித்த அன்று ஐந்து பேருக்கும் போன் செய்து சொன்னேன். பழைய கிராமம் இருந்த இடத்திலேயே மரப்பட்டை வீடுகளும் சடங்கு மண்டபமும் கட்டிக்கொள்ள அந்த மக்களோடு 2018-ல் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

சாலை போட்டவர்கள்

அடுத்து, நாங்கள் காரில் வழுக்கிக்கொண்டு போன டயோகா சாலை. 1882-83-ல் ஒரு வெள்ளிச் சுரங்கத்துக்காக அதைப் போட்டார்கள். 56 மைல், 130 நாள். வெடிமருந்தும் கடப்பாரையும் கைவண்டியும்தான் கருவிகள். வேலை செய்தவர்களில் சுமார் 250 பேர் சீனர்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிகளைவிட அவர்களுக்குக் கூலி குறைவு. இவ்வளவு பாடுபட்டும் சுரங்கம் 1884-லேயே மூடப்பட்டது. சாலை மட்டும் மிஞ்சியது. 1961-ல் இன்றைய சாலையைப் போட்டபோது சில இடங்களில் வழி மாறினாலும், அடிப்படை அவர்கள் வெட்டிய தடம்தான்.

ஒரு தேதியைக் கவனியுங்கள். சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்ற சட்டம் நிறைவேறியது 1882 மே மாதத்தில். அவர்கள் மலையை உடைக்கத் தொடங்கியது அதே வருஷம். அந்தக் கதவு பிற்பாடு நமக்கும் சாத்தப்பட்டது. 1917-ல் இந்தியாவிலிருந்து குடியேறத் தடை வந்தது. 1923-ல் இந்தியர்கள் குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-ல் கதவு கொஞ்சம் திறந்து, 1965 சட்டத்துக்குப் பிறகுதான் விரியத் திறந்தது. நம் மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுவது தங்கள் மார்க்கினால் மட்டும் அல்ல. அந்தச் சட்டம் மாறுவதற்குப் பல பேர் பல வருஷம் போராடினார்கள்.

சமையற்காரர் பெயரில் ஒரு சிகரம்

பழைய மாணவர் சங்க மலரில் அவசியம் சொல்ல வேண்டியது 1915-ஆம் வருஷத்து முகாம். ஸ்டீபன் மாதர், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1887-ல் பட்டம் பெற்றவர். வெண்காரம் விற்றுப் பணக்காரர் ஆனவர். 1915-ல் தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருக்கு உதவியாளர் ஹோரஸ் ஆல்பிரைட், அதே கல்லூரியின் 1912-ஆம் வருஷத்து மாணவர். கைவிடப்பட்டுக் கிடந்த டயோகா சாலையை மாதர் தம் கைக்காசும் நண்பர்கள் பணமும் போட்டு வாங்கி அரசுக்குக் கொடுத்தார்.

அப்போது பூங்காக்களுக்கென்று ஒரு தனித் துறை இல்லை. துறை வேண்டுமென்றால் செல்வாக்கு உள்ளவர்கள் மனம் வைக்க வேண்டும். மாதர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், 'நேஷனல் ஜியாக்ரபிக்' ஆசிரியர், ரயில்வே அதிகாரி, எழுத்தாளர் என்று பலரை அழைத்து, ஜூலையில் இரண்டு வாரம் சியராவின் தென்பகுதியில் முகாம் போட்டார். செலவு அவருடையது. எங்கள் மெஸ் செக்ரட்டரி எப்போதும் சொல்வான், "கேம்ப் நல்லா இருந்துச்சா இல்லையாங்கிறது சாப்பாட்டுல இருக்குடா" என்று. மாதருக்கும் அது தெரிந்திருக்கிறது. அரசின் நில அளவைத் துறையில் மலைமலையாகச் சென்று சமைத்த டை சிங் என்ற சீனரைச் சமையலுக்குப் பிடித்தார். நடுக்காட்டில் மடக்கு மேஜை, வெள்ளைத் துணி விரிப்பு. ரொட்டிக்குப் பிசைந்த மாவைப் பகலில் கோவேறு கழுதையின் உடம்புச் சூட்டில் வைத்துப் புளிக்க விடுவார். ராத்திரி சுடச்சுட ரொட்டி தயார். வந்தவர்கள் மனம் குளிர்ந்து திரும்பினார்கள். மறு வருஷம் 1916 ஆகஸ்ட் 25-ல் தேசியப் பூங்காத் துறை சட்டமாயிற்று. மாதர் முதல் இயக்குநர், ஆல்பிரைட் இரண்டாமவர்.

டை சிங் 1918-ல் மலைப் பணியில் இருந்தபோதே ஒரு விபத்தில் இறந்தார். யோசெமிட்டியின் தென்கிழக்கில் பத்தாயிரம் அடிக்கு மேல் நிற்கும் 'சிங் சிகரம்' அவர் பெயரைத் தாங்கியது. 1899-லேயே வைத்த பெயர் அது. அண்மை ஆண்டுகளில் சீன அமெரிக்கர்கள் அந்தச் சிகரத்தை நோக்கி யாத்திரையாக நடந்துபோகிறார்கள்.

லெகான்ட்டின் பெயருக்கு நேர்ந்தது வேறு. அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் வந்தவர், உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் நின்றவர், கறுப்பின மக்களைத் தாழ்த்தி எழுதியவர். அதனால் பள்ளத்தாக்கில் இருந்த அவர் நினைவு இல்லத்தின் பெயர் 2016-ல் மாற்றப்பட்டது. 2020-ல் அவர் பாடம் நடத்திய பல்கலைக்கழகமும் தன் கட்டடத்திலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டது. மாணவர்களோடு சமமாகப் பாத்திரம் கழுவியவரும் அவரே, இதை எழுதியவரும் அவரே. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தம்பி, தங்கைகளுக்கு

நீங்கள் ஓசூருக்குப் போவீர்களோ, புனேவுக்குப் போவீர்களோ, ஆஸ்திரேலியாவுக்கே போவீர்களோ, போன இடத்தில் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்காதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து பக்கத்து மலைக்கோ ஆற்றங்கரைக்கோ கிளம்புங்கள். அனுமதி வாங்கிப் போங்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். சமைக்கத் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள்.

போன இடத்தில் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். இந்த இடத்துக்கு முதலில் என்ன பெயர்? இங்கே இருந்தவர்கள் இப்போது எங்கே? நாம் வந்த வழியைப் போட்டது யார்? ஏற்காட்டில் கேட்டாலும் சரி, எங்கே கேட்டாலும் சரி, பதில் சொல்ல அந்த ஊரில் ஒரு பெரியவர் இருப்பார். அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த சந்திப்புக்கு வாருங்கள். மலரில் இடம் வாங்கித் தருவது என் பொறுப்பு.