பல்லைக் கடித்து ஏறும் ரயில்

மே மாதம் ஊட்டி போகலாம் என்று மயிலாப்பூர் வீட்டில் பேச்சு எழுந்ததும் நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் அங்கே. பஸ்ஸில் போனால் சீக்கிரம் என்கிறாள் மருமகள். சீக்கிரம் போய் என்ன செய்ய?

வெயில் வந்தால் மதராஸ் அரசாங்கமே கோப்புகளோடு ஊட்டிக்குக் குடிபெயர்ந்த காலத்தில்கூட, குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல்தான். ஊட்டியைத் தொட்டது 1908-இல். காரணம் ஏற்றம். கல்லாறு தாண்டினால் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி உயரும் பாதை. வெறும் சக்கரம் வழுக்கும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு. ஒன்றில் பல் இருக்குமிடத்தில் மற்றதில் பள்ளம். இன்ஜினின் பல்சக்கரம் எந்த நேரமும் ஏதாவதொரு பல்லைக் கவ்வியிருக்கும். ரோமன் அப்ட் என்ற சுவிஸ்காரரின் யோசனை அது. ஏறும்போது இன்ஜின் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும்.

குன்னூரோடு பல் பாதை முடிகிறது. அப்புறம் கேத்தி, ‘மூன்றாம் பிறை’ பார்த்தவர்களுக்கு அந்த ஸ்டேஷனைச் சொல்ல வேண்டியதில்லை.

46 கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தபின் டிக்கெட்டுக்கு அடிதடி. முன்பதிவு திறந்த அன்றே போட்டுவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மட்டும் வேண்டாம்: மழையில் மண் சரிந்து பாதை அடைபடுவது வழக்கம்.